சொன்னதை மட்டும் எழுதுகிறவன்

பெங்களூர் வைட்ஃபீல்டில் நான் வேலை செய்யும் கம்பெனியில் சமூக சேவைக்கென்று வருஷத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு தருவார்கள். முதல் வருஷம் நாங்கள் முப்பது பேர் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஓர் அரசுப் பள்ளிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனோம். தலைமையாசிரியை எங்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புரிய வேண்டுமென்று நிதானமான கன்னடத்தில் சொன்னார்: போன வருஷமும் வேறொரு கம்பெனிக்காரர்கள் வந்து இதே சுவருக்குத்தான் பெயிண்ட் அடித்தார்கள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதை யாராவது சரிசெய்தால் நன்றாக இருக்கும். எங்களிடம் பிரஷ்தான் இருந்தது. அதே சுவருக்கு இன்னொரு பூச்சு அடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அடுத்த வாரம் நான் மட்டும் தாழ்ப்பாளோடு போனபோது, யாரோ ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

அதற்கடுத்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய துணி சேகரித்தோம். பொறுப்பு என்னிடம் வந்தது. பதினான்கு மூட்டை சேர்ந்தது. நானும் வாட்ச்மேனும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிரித்தோம். எலாஸ்டிக் போன அரைக்கால் சட்டைகள், ஒற்றைக் கையுறைகள், கறை படிந்த தலையணை உறைகள். யாரோ கல்யாணக் கோட்டு ஒன்றும் போட்டிருந்தார்கள். மூன்று மூட்டை தேறியது. மீதியைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்படி இரண்டு முறை ஆனபிறகு நமக்கு இதெல்லாம் சரிவராது என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பார்வையில்லாத ஒரு பெண் எம்.ஏ. வரலாறு தேர்வு எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுத ஓர் ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். நாலு பேப்பர். எழுதுகிறவர் தேர்வு எழுதுபவரைவிட ஒரு படியாவது குறைவாகப் படித்திருக்க வேண்டும், அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது.

குழுவில் நல்ல மனம் உள்ளவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவர் எம்.டெக்., ஒருவர் எம்.பி.ஏ., ஒருவர் முனைவர் பட்டம். எல்லோரும் கைகூப்பிய பொம்மையைப் போட்டு விலகினார்கள். நான் ஆரணியில் மாலைக் கல்லூரியில் படித்த பி.காம். கம்பெனியில் சம்பளப் பிரிவு. இந்தக் குடியிருப்புக்குக் குடிவந்த நாளிலிருந்து யாராவது படிப்பைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்கு முதல்தடவையாகக் குழுவில் எல்லோரும் பார்க்க, "நான் பி.காம். தான், நான் வருகிறேன்" என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணே போன் செய்தார். குரல் கறாராக இருந்தது.

"சார், தமிழா நீங்க? நல்லதாப் போச்சு. ஹிஸ்டரி ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"பத்தாவதோட சரிங்க."

"அப்போ சரி. இங்கிலீஷ்ல டிக்டேஷன் எழுதுவீங்களா? ஸ்பெல்லிங் கேட்டுக் கேட்டு எழுதினா டைம் பத்தாது."

"எழுதுவேங்க."

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு நாங்க வீட்லதான் இருப்போம். வாங்க, ஒரு தடவ பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்வது என்றால் அறிமுகம் என்று நினைத்தேன். அது எனக்கு வைத்த தேர்வு.

வீடு மர்பி டவுனில். வழி சொன்னவர் அவருடைய அம்மா. "அல்சூர் மெட்ரோல எறங்கி ஆட்டோ புடிச்சுக்குங்க சார். சர்ச் தாண்டினதும் நேரா வாங்க, நீலக் கலர் கேட்டு. நாய் இருக்கும், ஒண்ணும் பண்ணாது." நாய் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டு அறை வீடு. அம்மா ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரு வங்கியில் வேலை. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது என்பதை அம்மாதான் சொன்னார். "அதெல்லாம் எதுக்கும்மா அவருக்கு?" என்று மகள் வெட்டிவிட்டார்.

என்னை மேசைமுன் உட்கார வைத்து ஒரு பத்தியைச் சொன்னார். சாதாரணமாகப் பேசுகிற வேகம். பாதியில் நான் தத்தளித்தேன். முடித்ததும் தாளைக் கேட்டார். அம்மாவிடம் கொடுத்து எழுத்து எப்படியிருக்கிறது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலால் தடவினார்.

"ரொம்ப அழுத்தி எழுதறீங்க. இப்பிடி எழுதினா ஒரு மணி நேரத்துல கை போயிடும். நமக்கு நாலு மணி நேரம்." எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு.

உண்மைதான். கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் பயிற்சி. சாயங்காலம் காபி குடித்தபிறகு என் மனைவி ஆங்கிலப் பேப்பரிலிருந்து ஏதாவது படிப்பாள், நான் எழுதுவேன். பங்குச் சந்தை, கிரிக்கெட், மணமகள் தேவை எல்லாம் எழுதினேன். "உங்க எழுத்தைப் பாத்தா எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கு" என்பாள். ஆனால் ஒருநாளும் படிக்க மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மர்பி டவுன் போவேன். அவரிடம் பாடங்கள் எல்லாம் ஒலிவடிவில் இல்லை. சில புத்தகங்களை நான் வாசிக்க, அவர் போனில் பதிவு செய்துகொள்வார். திரையில் வருவதை அந்தப் போன் வாசித்துச் சொல்கிற வேகம் எனக்குப் புரியவே புரியாது. அரிசியைத் தரையில் கொட்டினதுபோல இருக்கும். அவர் அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார்.

இரண்டாவது ஞாயிறில் "சார்" போய் "அண்ணா" ஆகியிருந்தேன்.

தேர்வறை விதிகளையும் அவர்தான் சொன்னார். கேள்வித்தாளை இரண்டு தடவை படிக்க வேண்டும். அவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் புதுப் பத்தி. ஒவ்வொரு விடை முடிந்ததும் எழுதியதை மெதுவாகப் படித்துக்காட்ட வேண்டும். "நான் சொன்னத எழுதணும், எழுதினதப் படிக்கணும். அவ்ளோதான் அண்ணா உங்க வேலை. நடுவுல இருமக்கூடக் கூடாது."

தேர்வு மையம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரி. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக ஒரு சின்ன அறை. கண்காணிக்க ஒரு கன்னட அம்மையார். கையில் பின்னல் வேலையோடு வந்திருந்தார், ஆனால் பின்னவேயில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பேப்பரில் என் விரல்கள் மரத்துப்போயின. பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறியபோது, சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டு நிமிஷம் நான் யோசிக்கணும்" என்றார். அவர் யோசிக்கவில்லை, எனக்கு ஓய்வு கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். முடிந்து வெளியே வந்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஏனோ அப்படியொரு சந்தோஷம். அந்த நாலு மணி நேரமும் என் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவருக்குத் தேவையான ஒன்று என்னிடம் இருந்தது, அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மெட்ரோவில் வீடு திரும்பும்போது நின்றுகொண்டே தூங்கினேன்.

இரண்டாவது பேப்பரும் நன்றாகவே போயிற்று. மூன்றாவதில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

மூன்றாவது பேப்பர் மைசூர் வரலாறு. திப்பு சுல்தான் பற்றி ஒரு நீளமான கேள்வி வந்தது. அந்தப் பகுதியை நானே அவருக்கு இரண்டு தடவை வாசித்திருந்தேன். ஆங்கிலேயரோடு நடந்த மூன்றாவது போரில் தோற்றபிறகு திப்பு பாதி நாட்டை விட்டுக்கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பணயமாக அனுப்பி, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை செய்துகொள்கிறார். நாலாவது போரில் அவரே இறந்துபோகிறார். பிள்ளைகளை அனுப்பும் இடத்தை எனக்காக இன்னொரு தடவை படித்துப் பார்த்திருந்ததால் அது நன்றாக நினைவிருந்தது.

நேரம் குறைவாக இருந்தது. அவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "நாலாவது மைசூர் போரின் முடிவில் திப்பு இந்த உடன்படிக்கைக்கு உட்பட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான். என் கை ஒரு நொடி நின்றது. அவருக்குத் தெரிந்த விஷயம், தெரியாததில்லை. இந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒரு சொல்லுக்காக ஏன் மதிப்பெண் இழக்க வேண்டும்? நான் "மூன்றாவது" என்று எழுதினேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

விடை முடிந்தது. படித்துக்காட்டினேன். அந்த வரி வந்தபோது எதுவும் நடக்காததுபோல் "மூன்றாவது" என்று படித்தேன்.

ஒரு தட்டு.

"அந்த லைன் திரும்பப் படிங்க."

படித்தேன்.

"நான் என்ன சொன்னேன்?"

அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "ஏனாய்த்து?" என்று கேட்டார், என்ன ஆயிற்று என்று.

"ஏனில்ல மேடம், ஒந்து பதா தப்பாகிதே" என்றார் இவர். ஒன்றுமில்லை, ஒரு சொல் தவறாகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் நாலாவதுன்னு சொன்னேன். மூணாவத அடிச்சுட்டு நாலாவதுன்னு எழுதுங்க."

"இல்ல, அது வந்து..."

"எழுதுங்க."

அடித்துவிட்டு, தவறு என்று தெரிந்தே, "நாலாவது" என்று எழுதினேன். என் கைப்பட எழுதினவற்றில் அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியும். மீதி இரண்டு விடைகளையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

வெளியே வந்தபோது அவர் என் முழங்கையைப் பிடிக்கவில்லை. பையிலிருந்து மடக்குக் குச்சியை எடுத்து விரித்துக்கொண்டு தானாக நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டி நின்றிருந்தது. அங்கே நின்றார்.

"மூணாவதுதான் ரைட்டு. நீங்க படிச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா நாலாவதுன்னு எழுதச் சொன்னீங்க?"

"ஆமா. நீங்க நான் சொன்னபடி 'நாலாவது'ன்னே படிச்சிருந்தா நானே புடிச்சிருப்பேன் அண்ணா. என் தப்ப நானே திருத்தியிருப்பேன். அதுக்குத்தானே படிக்கச் சொல்றது? இப்ப நீங்க திருத்திட்டீங்க. அதுக்கப்புறம் நான் அத எப்பிடி வெச்சுக்கறது?"

இளநீர்க்காரர் அரிவாளை எடுத்தார், வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

"அந்த மேடம் பக்கத்துலயே இருந்தாங்க. ரைட்டர் சொல்லிக் குடுக்கறாருன்னு ஒரு வார்த்த எழுதிவெச்சா என் பேப்பரே போச்சு. அது ஒண்ணு. இன்னொண்ணு, பாங்க்ல இன்னிக்கும் சில பேர் சொல்வாங்க, இவ டிகிரி யாரோ எழுதிக் குடுத்ததுன்னு. நான் சிரிச்சுக்கிட்டுப் போயிடுவேன். ஏன்னா அது பொய்யுன்னு எனக்குத் தெரியும். அது எனக்கு வேணும் அண்ணா."

"மன்னிச்சிடுங்க" என்றேன். "நல்லதுன்னு நெனச்சு செஞ்சுட்டேன்."

"தெரியும்" என்றார். கோபம் குறையவில்லை. ஆட்டோவை அவரே கூப்பிட்டு, கன்னடத்தில் பேசி ஏறிக்கொண்டார். நாலாவது பேப்பர் பற்றிக் கேட்டேன். "சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கம்மாவுக்கு நீங்க பேங்க் பாரம் பூர்த்தி பண்ணித் தர்றப்பவும் இப்பிடித்தான், அவங்க சொல்றதுக்கு முன்னால நீங்களே எழுதிடுவீங்க" என்றாள். பிறகு சாதம் போட்டாள்.

நாலாவது பேப்பருக்கு மூன்று நாள் இடைவெளி. இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது அழைத்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணா. வேற ஆள் தேடினேன். ஒருத்தி வந்தா, ஸ்பெல்லிங் சுத்தமா வரல. இன்னொருத்தருக்கு அன்னிக்கு ஊருக்குப் போகணுமாம். நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்."

"சொன்னதுதானே எழுதுவீங்க?"

"சொன்னது மட்டும்தான்."

நாலாவது பேப்பரில் ஒரு மன்னரின் தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் மாற்றிச் சொன்னார். சொன்னபடி எழுதினேன். விடை முடிந்ததும் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துக்காட்டினேன். அந்த இடத்தில் மெதுவாகக்கூடப் படிக்கவில்லை. அதுவும் ஒரு குறிப்பாகிவிடுமே. படித்துக்கொண்டே போனேன். தட்டு வரவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. போயிற்று என்று நினைத்தேன்.

ஒரு தட்டு. "நில்லுங்க. நாலு லைன் மேல போங்க. பேர் மாத்திச் சொல்லிட்டேன். அடிங்க, சொல்றேன்."

அவர் திருத்திச் சொன்னார், நான் எழுதினேன். அம்மையார் அன்றைக்குப் பின்னிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இளநீர் வண்டியில் நின்று ஆளுக்கொன்று குடித்தோம். திப்புவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மெட்ரோவில் கூட்டம் இருக்குமா, பாங்க்கில் லீவு முடிந்து போனால் எவ்வளவு வேலை சேர்ந்திருக்கும், இதுதான் பேச்சு.

முடிவு வந்தபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா மட்டன் பிரியாணி செய்திருந்தார். மதிப்பெண் பட்டியலை மகளின் போன் ஏற்கெனவே படித்திருந்தும், "நீங்க படிங்க அண்ணா" என்று என்னிடம் நீட்டினார். படித்தேன். இரண்டாம் வகுப்பு. மூன்றாவது பேப்பரில்தான் குறைவு. அந்த எண்ணைப் படித்துவிட்டு நான் நிறுத்தினேன்.

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ கொறையாது" என்றார். "அந்தப் பேப்பர் நான் சரியாப் படிக்கல. நாலாவது எவ்ளோ, படிங்க."

படித்தேன். நாலாவதுதான் அதிகம். அவருடைய அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார், வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. என் மனைவியும் அந்தப் பெண்ணும் சமையலறையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று சிரிப்பிலிருந்து தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் பலருக்கு எழுதியிருக்கிறேன். அவர்தான் என் எண்ணைக் கொடுப்பார். கொடுக்குமுன், "நல்லா எழுதுவாரு, வாய் தொறக்க மாட்டாரு" என்று சொல்வாராம். நீலசந்திராவிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை மாற்றுவார், மூன்று தடவையும் அடித்து எழுதுவேன். ஒருத்தர் பாதித் தேர்வில், தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் தேர்ச்சி பெறவில்லை. தோற்றவர்கள் சிலர் அடுத்த தடவை என்னையே கூப்பிடுகிறார்கள். கம்பெனி தரும் இரண்டு நாள் போதாமல் என் சொந்த விடுப்பும் இதில்தான் போகிறது. மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாயங்கால டிக்டேஷனைக்கூட அவள் விடவில்லை. இப்போது சமையல் குறிப்புகள் சொல்கிறாள், நான் எழுதினதை வைத்தே மறுநாள் சமைக்கிறாள்.

இந்த மாதம் அவர் வங்கியில் பதவி உயர்வுக்கான தேர்வு எழுதுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு பத்தி எழுதி முடித்ததும் தாளை வாங்கி, திருப்பி, பின்பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"இப்ப பரவாயில்ல" என்றார். "அடுத்தது சொல்றேன், எழுதிக்கங்க."